பேரப்பிள்ளைகளோடு பனிச்சறுக்குக்குப் போகிறீர்களா?

கண்டாவளையிலிருந்து குளிர்காலத்தில் ரொறன்ரோ போனால், பேரப்பிள்ளைகள் பனிச்சறுக்குக்கு இழுக்காமல் விடமாட்டார்கள். போகுமுன் கவனிக்க:

1. தூரத்து மலைகள் வேண்டாம். மாநகரசபை நடத்தும் ஏர்ல் பேல்ஸ், சென்ரெனியல் பூங்காச் சரிவுகளே போதும். சிறியவை, நகருக்குள்ளேயே இருப்பவை.

2. பயிற்சி வகுப்புக்கு முன்கூட்டியே பதியுங்கள். பயிற்றுநர் முதலில் நிறுத்தப் பழக்குவார். மாமா சறுக்க மட்டுமே பழக்குவார்.

3. பெப்ரவரி மூன்றாம் திங்கட்கிழமையைத் தவிருங்கள். ஒன்ராரியோவில் அது குடும்ப தின விடுமுறை, சனம் கூடும்.

4. ஜீன்ஸ், பருத்தி உடுப்பு கூடாது. நனைந்தால் உலராது, உடற்சூட்டையும் உறிஞ்சும். உள்ளே கம்பளி அல்லது பொலியெஸ்டர், வெளியே நீர் புகாத உடுப்பு. காலுறை ஒரு சோடி மட்டும். இரண்டு போட்டால் சப்பாத்து இறுகி, இரத்தவோட்டம் குறைந்து, விரல்கள் விறைக்கும்.

5. பலகை, சப்பாத்து, தலைக்கவசம் எல்லாம் வாடகைக்கு எடுங்கள். வளரும் பிள்ளைக்கு வாங்கினால் அடுத்த வருடம் அளவு காணாது. எடையைக் கேட்டால் வெட்கப்பட்டுக் குறைத்துச் சொல்லாதீர்கள்: விழும்போது சப்பாத்து பலகையிலிருந்து கழலும் இறுக்கத்தை அதைப் பார்த்துத்தான் அமைப்பார்கள்.

6. புறப்படுமுன் சரிவு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். வெயில் ஏறினால் மூடிவிடுவார்கள்.

7. முதல் நாள் இரண்டு மணித்தியாலத்தோடு நிறுத்துங்கள். களைத்த பிள்ளைதான் கூட விழும்.

8. கீழே நின்று பார்க்கும் அம்மம்மாவுக்குத் தடித்த சப்பாத்தும் பிளாஸ்கில் இஞ்சித் தேநீரும் கொடுங்கள். அசையாமல் நிற்பவருக்கே குளிர் அதிகம்.