ராட்சத ராட்டினம் யாருடைய மூளையில் உதித்தது?

கேள்வி: ‘ஃபெர்ரிஸ் வீல்’ எனப்படும் ராட்சத ராட்டினத்தைக் கண்டுபிடித்தவர் பொறியாளர் ஃபெர்ரிஸ்தானா?

பதில்: முதலாமவர் அவரல்ல. இன்றைய பல்கேரியாவில் மக்கள் மரச்சக்கரத்தில் ஏறிச் சுற்றியதை 1620-லேயே ஆங்கிலப் பயணி பீட்டர் முண்டி எழுதிவைத்திருக்கிறார். அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் வில்லியம் சோமர்ஸும் 1892-இல் ஒரு மர ராட்டினம் நிறுவினார். பிறகு ஃபெர்ரிஸ் மீது வழக்கும் போட்டார்.

ஆனாலும் பெயர் ஃபெர்ரிஸுக்குப் போனது நியாயம்தான். பாரிஸின் ஈஃபிள் கோபுரத்தை விஞ்ச ஏதாவது வேண்டுமென்று 1893 சிகாகோ உலகக் கண்காட்சிக்காரர்கள் தவித்தபோது, அந்த இளம் பொறியாளர் 264 அடி உயரத்துக்கு இரும்புச் சக்கரத்தையே எழுப்பிக் காட்டினார். சைக்கிள் சக்கரம்போல, பாரம் தாங்கியவை மெல்லிய கம்பிகளே! 36 பெட்டிகள், பெட்டிக்கு அறுபது பேர், கட்டணம் 50 சென்ட். அபாரமான துணிச்சல். மூன்றே ஆண்டுகளில், 37 வயதில், டைஃபாய்டு அவரைக் கொண்டுபோய்விட்டது. சக்கரத்தை 1906-இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள்.