முதல் அடியே ஹோம் ரன்! அதுக்கப்புறம் என்ன ஆச்சு?

வாழ்க்கையில் முதல் ஐபிஓ. அப்ளை பண்ணின உடனே அலாட்மென்ட், லிஸ்டிங் அன்னிக்கே 40% லாபம். அடுத்த கேள்வி, "சார், பெர்சனல் லோன் எடுத்துப் பெருசா பண்ணலாமா?"

பதில் சொல்றதுக்கு முன்னாடி அமெரிக்க பேஸ்பால் பக்கம் ஒரு நடை போயிட்டு வரலாம். அங்கே பந்தை வேலிக்கு வெளியே அடிச்சா ஹோம் ரன். நம்ம சிக்ஸர் மாதிரிதான், ஆனா அதைவிட அரிது. மேஜர் லீக்கில் முதல் தடவை பேட் பிடிச்சப்பவே ஹோம் ரன் அடிச்சவங்க நூறு பேருக்கு மேல் இருக்காங்க.

2016 ஆகஸ்ட் 13, நியூயார்க் யாங்கி ஸ்டேடியம். டைலர் ஆஸ்டின் முதல் வாய்ப்பிலேயே ஹோம் ரன். அடுத்து வந்த ஆரன் ஜட்ஜும் அறிமுக வீரர், அவரும் ஹோம் ரன்! ஒரே அணியின் இரண்டு புதுமுகங்கள் ஒரே ஆட்டத்தில் இப்படி அடிச்சது அதுதான் முதல் முறை. அன்னிக்கு ஸ்கோர்போர்டைப் பார்த்து இவங்க ரெண்டு பேரையும் பிரிச்சுச் சொல்லவே முடியாது.

ஆனா ஆஸ்டின் 2019 வரைக்கும் மேஜர் லீக்கில் அடிச்சது மொத்தம் 33. அப்புறம் ஜப்பான் லீக்குக்குப் போயிட்டார். ஜட்ஜ் 2017-ல் மட்டும் 52, 2022-ல் 62. அதுக்காக முதல் அடியிலிருந்தே அவர் ஏறுமுகம்னு நினைக்காதீங்க. அதே 2016 சீசனில் 84 வாய்ப்புகளில் 42 தடவை ஸ்ட்ரைக் அவுட்.

மறுபக்கத்தையும் பாருங்க. மொத்தம் 755 ஹோம் ரன் அடிச்ச ஹாங்க் ஆரனுக்கு, 1954-ல் முதல் ஆட்டத்தில் ஐந்து வாய்ப்பிலும் பூஜ்ஜியம். வில்லி மேஸ் முதல் 12 வாய்ப்பில் ஒண்ணுமே அடிக்கல. 13-வதில்தான் ஹோம் ரன். முடிக்கும்போது கணக்கு 660.

எனக்குப் பிடிச்ச ஆள் ஹாய்ட் வில்ஹெல்ம். 1952-ல் முதல் வாய்ப்பிலேயே ஹோம் ரன். அதுக்கப்புறம் 1972 வரை ஆடினார், 400 தடவைக்கு மேல் பேட் பிடிச்சார், ஒரு ஹோம் ரன்கூட இல்லை. ஆனா 1985-ல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தாங்க. காரணம், அவர் வேலை பந்து வீசுறது. 1,070 ஆட்டங்களில் அதைத்தான் செஞ்சார். அந்த ஒரு ஹோம் ரனை நம்பி அவர் பந்து வீசுறதை விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்? ஆபீஸ் நேரத்தில் டிரேடிங் ஆப்பையே பார்த்துக்கிட்டிருக்கிற நண்பர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இப்போ உங்க கணக்குக்கு வருவோம். ₹15,000 போட்டு 40% லாபம்னா ₹6,000. ஷார்ட் டெர்ம் வரி 20%, அதன் மேல் செஸ் 4%. ஆக ₹1,248 போய், கையில் ₹4,752. (புரோக்கரேஜ் தனி.) லோன் ₹5 லட்சம், 14% வட்டி, 5 வருஷம்னா ஈஎம்ஐ மாசம் சுமார் ₹11,600. கையில் வர்ற ₹4,752 பாதி ஈஎம்ஐக்குக்கூடக் காணாது.

இதைவிட முக்கியம், ரீடெய்ல் பிரிவில் ₹2 லட்சம் வரைதான் அப்ளை பண்ண முடியும். கூட்டம் அதிகமா இருந்தா குலுக்கலில் ஒரு லாட்தான். அதாவது, லோன் பணம் வந்தாலும் அதிர்ஷ்டம் பெருசாகாது. அந்தப் பணம் சும்மா இருக்குமா? ஆப்ஷன்ஸ் பக்கம்தான் போகும். அங்கே 2022 முதல் 2024 வரையிலான மூணு நிதியாண்டுகளில், தனிநபர்களில் 10 பேரில் 9 பேருக்கு மேல் நஷ்டம்னு செபியின் ஆய்வே சொல்லுது.

அதனால லோன் வேண்டாம். எஸ்ஐபி ஓடுதுன்னா ஓடட்டும், அந்த ₹4,752-ஐயும் அதிலேயே போடுங்க. ஐபிஓ ஆசை இருந்தா அதே ₹15,000 அளவில் மறுபடி அப்ளை பண்ணுங்க, ஒவ்வொரு தடவையும் கிடைச்சதையும் கிடைக்காததையும் ஒரு ஷீட்டில் எழுதுங்க. இருபது வரி சேர்ந்த பிறகு பேசலாம்.

இன்னொண்ணு, லிஸ்டிங் அன்னிக்கு வித்தவங்க ரிட்டர்ன் ஃபைல் பண்ணும்போது வழக்கம்போல ஐடிஆர்-1 போட்டுடாதீங்க. ஷார்ட் டெர்ம் லாபம் இருந்தா ஐடிஆர்-2.