சீட்டு சொல்வதும் குடம் சொல்வதும்

யு. ஸ்ரீநிவாஸின் கையில் நாம் பார்த்துப் பழகிய மாண்டலின் தட்டையானது. ஐந்து தந்தி மின்கருவி. இத்தாலியின் பழைய மாண்டலினுக்கோ வீணையைப் போலக் குடம் உண்டு. மெல்லிய மரப்பட்டைகளை வளைத்து, பக்கம் பக்கமாக ஒட்டிச் செய்த குடம். மேலே நான்கு ஜோடித் தந்திகள். அப்படி ஒன்று பரணிலிருந்தோ பழம்பொருள் கடையிலிருந்தோ கிடைத்துவிட்டால், யார் செய்தது, என்ன பெறும் என்ற கேள்விகள் உடனே எழும். கூடவே தப்பான நம்பிக்கைகளும் வந்துவிடும். அவற்றில் சில நல்ல கருவிகளையே அழித்திருக்கின்றன.

“உள்ளே ஒட்டிய சீட்டில் இருப்பவர்தான் செய்தவர்.”

சில நேரம் மட்டும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மாண்டலின் மோகம் பரவியபோது, சிசிலித் தீவின் கத்தானியா நகரப் பட்டறைகள் ஏராளமாகச் செய்து கப்பலேற்றின. வாங்கி விற்ற கடைக்காரர் தம் பெயரை உள்ளே ஒட்டிக்கொண்டார். பேர்போன ஊர் நேப்பிள்ஸ் என்பதால் அந்த ஊரின் பெயரை அச்சடித்து ஒட்டியவர்களும் உண்டு. ஆகவே சீட்டை ஒரு சாட்சியைப் போல விசாரிக்க வேண்டும். அது சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளக் கூடாது.

கேட்கத் தெரிந்தால் அது நிறையவே சொல்லும். ‘இத்தாலி அரசிக்குக் கருவி செய்பவர்’ என்று சீட்டில் இருக்கிறதா? இத்தாலி ஒரே முடியரசானது 1861இல். முதல் மன்னர் இரண்டாம் விட்டோரியோ இமானுவேலேயின் அரசி அதற்கு முன்பே, 1855இல், இறந்துவிட்டார். அடுத்து மார்கெரிட்டா அரசியானது 1878இல். எனவே அந்தச் சீட்டு 1878க்கு முந்தியதாக இருக்க வழியே இல்லை. பதக்கங்களும் அப்படித்தான்: 1898ஆம் ஆண்டுப் பதக்கத்தைக் காட்டும் சீட்டு 1898க்குப் பின்னர்தான் அச்சாகியிருக்கும். ‘மேட் இன் இத்தாலி’ என்று ஆங்கிலத்தில் இருந்தால், இறக்குமதிப் பொருள்களில் நாட்டின் பெயர் வேண்டும் என்று கேட்ட 1890ஆம் ஆண்டு அமெரிக்கச் சுங்கச் சட்டத்துக்குப் பிந்திய ஏற்றுமதிச் சரக்காக இருக்கலாம்.

“எப்படியும் இருநூறு வருஷப் பழசு.”

தலைப்பகுதியைப் பாருங்கள். 18ஆம் நூற்றாண்டுக் கருவியில் மரப் பிருடைகள் இருக்கும். விரல்பலகை மேல்பலகையோடு ஒரே மட்டமாக முடிந்துவிடும். எஃகுத் தந்தி, பற்சக்கரச் சாவிகள், உயர்த்தி நீட்டிய விரல்பலகை ஆகிய மூன்றும் 1830களில் நேப்பிள்ஸின் பாஸ்குவாலே வினாச்சியாவோடு சேர்த்துச் சொல்லப்படும் மாற்றங்கள். இன்று கைக்கு வருபவற்றில் பெரும்பாலானவை 1880க்கும் 1930க்கும் இடையில் பிறந்தவை. குடம் இருந்தால் இத்தாலி என்றும் முடிவுகட்ட வேண்டாம். சிகாகோவின் லியான் அண்ட் ஹீலி நிறுவனமும் செய்தது. ஜெர்மானியரும் ஜப்பானியரும்கூடச் செய்தார்கள்.

ஸ்ட்ராடிவாரி பெயர் போட்ட சீட்டு வேறு சிலரைத் தூங்கவிடாது. அவர் மாண்டலின் செய்தது உண்மைதான். 1680ஆம் ஆண்டுக்குரிய ஒன்று அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில், வெர்மில்லியன் நகர இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் அது நரம்புத் தந்திக்கான, வேறு அமைப்புள்ள சிறு கருவி. எட்டு எஃகுத் தந்தி பூட்டிய நேப்பிள்ஸ் குடத்தில் அவர் பெயரைக் கண்டால் ஆசையை விட்டுவிடலாம்.

“முத்துச்சிப்பி மின்னினால் விலை ஏறும்.”

கண்ணைப் பறிக்கும் வேலைப்பாடு மலிவு ஏற்றுமதிக் கருவிகளிலும் தாராளமாக உண்டு. பட்டாம்பூச்சியும் பூங்கொடியும் கடைச் சன்னலில் விற்றன. ஓசையை அவை கூட்டவில்லை. கருவியைத் திருப்பிக் குடத்தைத் தடவிப் பாருங்கள். மலிவான கருவியில் பத்துப் பதினைந்து அகலப் பட்டைகள் இருக்கும்; உயர்ந்ததில் முப்பதுக்கும் மேல், சிலவற்றில் ஒவ்வொரு பட்டையும் வாய்க்கால்போல் குழிவாகச் செதுக்கப்பட்டிருக்கும். இணைப்பில் நகம் தடுக்கக் கூடாது.

இந்த விஷயத்தில் லூயிஜி எம்பெர்கெரை (1856–1943) நினைக்காமல் இருக்க முடியவில்லை. அர்ப்பினோவில் பட்டறை, ரோமில் கடை. அவருடைய இசைக்குழு மாண்டலின்களில் அலங்காரம் கொஞ்சம்தான். ஆனால் கழுத்து ஒடுங்கி, பின்புறம் கூராகக் கையில் அடங்கும். விரல்பலகை லேசாக வளைந்து, உச்ச சுரங்களுக்காக ஒலித்துளையின் மேல்வரை நீளும். அந்தக் கழுத்தைக் கண்ணை மூடிக்கொண்டே அடையாளம் சொல்லலாம். நேப்பிள்ஸின் ரஃபேல் காலாச்சே (1863–1934) தாமே வாசித்தவர், இசையமைத்தவர். அந்தக் குடும்பப் பட்டறை இன்றும் நடக்கிறது. இவர்களின் நல்ல கருவிகள் பல ஆயிரம் யூரோவுக்குப் போகும். பெயர் தெரியாத ஏற்றுமதிக் கருவி சில நூறைத் தாண்டுவதே அரிது.

“ஆமையோடா என்று சூடான ஊசியால் குத்திப் பாருங்கள்.”

தயவுசெய்து வேண்டாம். ஒலித்துளையின் அருகே பதித்த பழுப்புத் தகடு பெரும்பாலும் செல்லுலாய்டாக இருக்கும். அது சட்டென்று தீப்பிடிக்கும். உண்மையான ஆமையோடு என்றால் வேறு சிக்கல்: அழுங்காமை ஓட்டை அனுமதியின்றி நாடு விட்டு நாடு கொண்டுபோவது குற்றம்.

“புதுத் தந்தி பூட்டி வாசித்தால் தரம் தெரியும்.”

எனக்கு மனம் பொறுக்காதது இதுதான். மேல்பலகை மெல்லிய ஸ்புரூஸ். குதிரைக்குப் பின்னால் மடித்தது போல வளைந்திருக்கும். கழுத்துக்குள் இரும்புக் கம்பி கிடையாது. இன்றைய தட்டை மாண்டலினுக்கான தடித்த தந்திகளைப் பூட்டி முறுக்கினால் பலகை அமுங்கும், கழுத்து முன்னால் சாயும், நூறாண்டு தாங்கிய இணைப்பு ஒரே மாலையில் பிளக்கும். பூட்டத்தான் வேண்டும் என்றால், குடமாண்டலினுக்கென்றே விற்கும் மிக மெல்லிய தந்தி மட்டும். அதுவும் பழுதுபார்ப்பவர் பார்த்த பிறகு.

அவர் முதலில் பார்ப்பது சீட்டை அல்ல, பன்னிரண்டாம் மெட்டில் தந்தி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதை. கழுத்தைக் கழற்றித் திரும்பப் பொருத்தும் கூலி, சாதாரணக் கருவியின் விலையையே தாண்டிவிடும். அதனால் வெளியூர் நிபுணருக்குப் படம் அனுப்புகிறவர்கள் தலையின் முன்னும் பின்னும், சீட்டு, குடத்தின் முதுகு ஆகியவற்றோடு, கழுத்தின் சாய்வு தெரியும்படி பக்கவாட்டில் எடுத்த ஒரு படத்தையும் மறக்காமல் சேர்க்கட்டும்.