கடற்கரைக்கு ஒரு நாள்: வெப்பக் காலத்தில் குடும்பத்தோடு நலமாகச் சென்று வருவோம்

மூத்த குடிமக்களுக்கான சுகாதாரப் பாடம்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் பேரப்பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "தாத்தா, பாட்டி, எங்கே போகலாம்?" என்பதுதான். சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் வாழும் பல குடும்பங்கள் கோலசிலாங்கூர், செகிஞ்சான் பக்கம் காடியைத் திருப்புகின்றன. மெலாவாத்தி குன்றில் குரங்குகள், செகிஞ்சானில் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை நெல் வயல், மாலையில் கடல் காற்று, இரவானால் கம்போங் குவாந்தான் ஆற்றங்கரையில் மின்மினிப் பூச்சிகள். ஒரே நாளில் இத்தனையும் பார்த்து வரலாம். அந்தப் பக்கத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது பழைய நினைவுகளைத் தேடிப் போகும் பயணமும்கூட.

வயதாகிவிட்டது என்பதற்காக இந்த இன்பத்தை விட்டுவிட வேண்டியதில்லை. வெயிலும் நம் உடலும் ஒன்றோடொன்று எப்படி ஒத்துப்போகின்றன என்பதைத் தெரிந்துகொண்டு கிளம்பினால் போதும்.

இந்தப் பாடத்தைப் படித்து முடித்ததும் நீங்கள் தெரிந்துகொள்ளப் போவது:
• மூத்தோரை வெயில் ஏன் அதிகம் பாதிக்கிறது
• பயணத்தில் எப்போது, எப்படித் தண்ணீர் குடிப்பது
• மருந்து, உணவு, கடல் ஆகியவற்றில் கவனிக்க வேண்டியவை
• எந்த அறிகுறி தெரிந்தால் உடனே உதவி கேட்க வேண்டும்

1. வயதான உடலும் வெயிலும்

உடல் சூடானால் தோலுக்கு இரத்த ஓட்டம் கூடுகிறது, வியர்வை வழிந்து ஆவியாகிறது, உடல் குளிர்கிறது. வயது ஏற ஏற இந்த வேலை மெதுவாகிறது. வியர்வை குறைகிறது. இதயம் முன்போல வேகமாக ஈடுகொடுப்பதில்லை. இவற்றைவிட முக்கியமானது, தாக உணர்வு மங்கிவிடுகிறது. உடலில் நீர் குறைந்த பிறகும் "தாகமே இல்லையே" என்று தோன்றும்.

நம் கடற்கரைகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. காற்றில் ஈரப்பதம் அதிகம் என்பதால் வியர்வை எளிதில் காய்வதில்லை. சட்டை நனைந்து ஒட்டிக்கொள்ளும், உடல் குளிராது. கடல் காற்று முகத்தில் படும்போது இதமாக இருப்பதால் உள்ளே ஏறும் சூடும் தெரியாமல் போகும்.

மலேசிய வானிலை ஆய்வுத் துறை வெப்ப நிலையை மூன்று கட்டங்களாக அறிவிக்கிறது. ஓரிடத்தில் தொடர்ந்து 3 நாள்கள் அதிகபட்ச வெப்பம் 35 முதல் 37 பாகை செல்சியசாக இருந்தால் அது முதல் கட்டம். 37-ஐத் தாண்டி 40 வரை சென்றால் இரண்டாம் கட்டம். 40-ஐத் தாண்டினால் மூன்றாம் கட்டம். நீங்கள் போகும் மாவட்டத்துக்கு முதல் கட்ட எச்சரிக்கை இருந்தாலே நடுப்பகல் நடமாட்டத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் கட்டம் என்றால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். கடற்கரை எங்கும் போய்விடாது.

புகைமூட்டக் காலமானால் காற்றுத் தூய்மைக் கேட்டுக் குறியீட்டையும் பாருங்கள். அது 100-ஐத் தாண்டியிருந்தால் ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் வெளியே நெடுநேரம் இருப்பதைத் தவிர்க்க வேண்டும்.

2. "வழியில் கழிவறை இருக்காதே"

மூத்தோர் பலர் பயண நாளில் தண்ணீர் குடிப்பதில்லை. காரணம் கேட்டால், "அடிக்கடி நிறுத்தச் சொன்னால் பிள்ளைகளுக்குத் தொல்லை" என்பார்கள். சிலர் காலையில் போட வேண்டிய நீர் மாத்திரையையும் போடாமல் விட்டுவிடுகிறார்கள். யாரிடமும் சொல்வதும் இல்லை.

இப்படி நினைத்துப் பாருங்கள். காலை 7 மணிக்கு அரை கிளாஸ் காப்பி குடித்துவிட்டு ஒரு பாட்டி காடியில் ஏறுகிறார். பகல் 1 மணி வரை வேறு எதுவும் குடிக்கவில்லை. மதிய உணவுக்காக இறங்கும்போது கண் இருட்டுகிறது, கால் தடுமாறுகிறது. விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், இரண்டு முறை காடியை நிறுத்தியிருந்தால் ஆகும் தொல்லையைவிட எத்தனை மடங்கு பெரிய தொல்லை!

ஆகவே, இதை முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள்:
• "ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்துவோம்" என்று கிளம்பும் முன்பே சொல்லுங்கள். பெட்ரோல் நிலையங்களிலும் உணவுக் கடைகளிலும் கழிவறை இருக்கும். சிறுபிள்ளைகளுக்கும் காடி ஓட்டுபவருக்கும்கூட அந்த ஓய்வு நல்லது.
• தாகம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். வெயிலில் இருக்கும்போது அரை மணி நேரத்துக்கு ஒரு முறை அரை கிளாஸ் தண்ணீர், சிறு சிறு மிடறாகக் குடியுங்கள்.
• சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் நல்லது. அடர் மஞ்சளாக இருந்தால் உடலுக்கு நீர் போதவில்லை.
• இனிப்புப் பானங்களும் கெட்டித் தே தாரிக்கும் தண்ணீருக்கு ஈடாகா. இளநீரில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது.

கவனிக்க: இதயச் செயலிழப்பு, சிறுநீரக நோய் போன்றவற்றால் மருத்துவர் உங்களுக்குத் தண்ணீர் அளவைக் குறைத்துச் சொல்லியிருந்தால் அந்த அளவை நீங்களாகக் கூட்டாதீர்கள். வெப்ப நாளில் எவ்வளவு குடிக்கலாம் என்று முன்கூட்டியே கிளினிக்கில் கேளுங்கள். நீர் மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். பயண நாளில் அதை எந்நேரத்தில் போடலாம் என்று மருந்தாளரிடம் கேட்டால் வழி சொல்வார்.

3. முதல் நாளே எடுத்து வையுங்கள்

• ஒரு நாளுக்கான மருந்துகள், அதோடு கூடுதலாக ஒரு வேளைக்கானவை. நெஞ்சு வலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை, ஆஸ்துமா மருந்துக் குழல் ஆகியவை கைப்பையில் இருக்கட்டும்.
• மருந்துகளின் பெயர், அளவு, ஒவ்வாமை, பிள்ளைகளின் தொலைபேசி எண் எழுதிய ஒரு தாள்.
• இன்சுலின் போடுபவர்கள் அதைக் குளிர்ப்பையில் வையுங்கள். ஐஸ் கட்டி நேராகப் படாமல் துணியில் சுற்றுங்கள். உறைந்துபோன இன்சுலினைப் பயன்படுத்தக் கூடாது. வெயிலில் நிறுத்திய காடிக்குள் எந்த மருந்தையும் விட்டுவிடாதீர்கள்.
• அகன்ற விளிம்புத் தொப்பி, குடை, கறுப்புக் கண்ணாடி, முழுக்கை பருத்திச் சட்டை.
• பின்பட்டி உள்ள, வழுக்காத காலணி. வீட்டுச் சிலிப்பர் மணலுக்கும் படகுத் துறைக்கும் ஏற்றதல்ல.
• தண்ணீர்ப் போத்தல், சிறிய துண்டு, கைவிசிறி, கொசு விரட்டி, சீனி அல்லது குளுக்கோஸ்.

4. நாளை எப்படி அமைப்பது

காலை 7.30 முதல் 10.30 வரை நடக்கவும் ஏறவும் உள்ள வேலைகளை முடித்துவிடுங்கள். மெலாவாத்தி குன்றின் மேல் 1907-இல் கட்டப்பட்ட கலங்கரை விளக்கம் இருக்கிறது. அங்கே ஏற டிராம் வண்டி உண்டு. மூட்டு வலி உள்ளவர்கள் கூச்சப்படாமல் அதில் ஏறிக்கொள்ளுங்கள். குரங்குகளுக்குக் கையால் தீனி கொடுக்காதீர்கள். கடித்தாலோ கீறினாலோ அந்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

பகல் 11 முதல் மாலை 4 வரை நிழலில் இருங்கள். மின்விசிறியோ குளிர்சாதனமோ உள்ள இடத்தில் சாப்பிட்டு ஓய்வெடுங்கள். வயலை அப்போது பார்க்க விரும்பினால் காடிக்குள்ளிருந்தே பாருங்கள். நிறுத்திய காடிக்குள் குழந்தையையோ முதியவரையோ "ஐந்து நிமிடந்தானே" என்று விட்டுப் போகக் கூடாது. சன்னலைச் சிறிது திறந்து வைத்தாலும் உள்ளே வெப்பம் விரைவாக ஏறும்.

மாலை 5 மணிக்கு மேல் கடற்கரைக்குப் போகலாம். பேரப்பிள்ளைகள் மணலில் விளையாட, நீங்கள் மர நிழலில் மடக்கு நாற்காலி போட்டு உட்காரலாம்.

இரவில் மின்மினி பார்க்கப் படகில் ஏறுபவர்கள் பாதுகாப்பு மேலங்கி அணிந்துகொள்ளுங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் ஒருவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். படகில் எழுந்து நிற்க வேண்டாம்.

5. கட்டுச்சோறும் கடல் உணவும்

வீட்டுச் சமையலைக் கட்டிக்கொண்டு போவது நம் வழக்கம். சமைத்த உணவை 4 மணி நேரத்துக்குள் உண்டுவிடுங்கள். தேங்காய்ப்பால் சேர்ந்த நாசி லெமாக், சட்னி, கோழிக் குழம்பு ஆகியவை வெயிலில் விரைவில் கெட்டுப்போகும். காலையில் கட்டியதை மாலைக்கு வைத்திருக்க வேண்டாம். ரொட்டி, முழுதாக எடுத்துச் சென்று அங்கே உரிக்கும் வாழைப்பழம், ஆரஞ்சு ஆகியவை பாதுகாப்பானவை.

இந்தக் கரையோரம் கடல் உணவுக்குப் பேர் போனது. மீன், இறால், சிப்பி எல்லாம் நன்றாக வேக வேண்டும். அரை வேக்காட்டுக் கெராங் சுவையாக இருந்தாலும் மஞ்சள் காமாலை, டைபாய்டு போன்ற நோய்களைத் தரக்கூடும். கல்லீரல் நோய், நீரிழிவு உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் கூடுதல்.

நீரிழிவு மருந்து எடுப்பவர்கள் "போய்ச் சாப்பிடலாம்" என்று வேளை தவறக் கூடாது. நடுக்கம், வியர்வை, படபடப்பு, தலைச்சுற்றல் வந்தால் சர்க்கரை குறைந்திருக்கலாம். விழிப்போடு இருந்தால் 3 தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கலந்து குடியுங்கள். 15 நிமிடம் கழித்துச் சோதித்துப் பாருங்கள்.

6. மணல், சேறு, அலை

கோலசிலாங்கூர்க் கரையோரம் பெரும்பாலும் சேற்று நிலம். நீர் வற்றும்போது கடல் வெகு தூரம் உள்வாங்கும். தரை போலத் தெரியும் இடத்தில் கால் முழங்கால் வரை புதையலாம்; அதற்குள் நீர் ஏறி வரலாம். பிள்ளைகளைச் சேற்றில் தூரமாகப் போகவிடாதீர்கள். நீரில் விளையாடும் சிறுபிள்ளை எப்போதும் ஒரு பெரியவரின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அந்தப் பெரியவர் வேகமாக ஓடி எட்டிப் பிடிக்கக்கூடியவராக இருக்கட்டும். "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று உங்களால் இயலாத பொறுப்பை ஏற்காதீர்கள்.

நீரிழிவால் பாத உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலில் நடக்கவே கூடாது. சுடு மணல் கொப்பளம் போட்டாலும், சிப்பி ஓடு கிழித்தாலும் வலி தெரியாது. காலில் புண் இருந்தால் கடல்நீரில் இறங்க வேண்டாம். வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, விரலிடுக்கு, உள்ளங்கால் எல்லாம் பாருங்கள். காயம் சிவந்து, வீங்கி, காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள்.

7. அபாய அறிகுறிகள்

வெப்பக் களைப்பு: அதிக வியர்வை, தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு, சோர்வு. உடனே நிழலுக்குப் போங்கள். உடையைத் தளர்த்தி, ஈரத் துணியால் துடைத்து விசிறுங்கள். சிறிது சிறிதாகத் தண்ணீரோ உப்பு-சர்க்கரைக் கரைசலோ குடியுங்கள். அரை மணி நேரத்தில் தேறவில்லை என்றால் கிளினிக்குக்குப் போங்கள்.

வெப்பத் தாக்கு: உடல் மிகச் சூடாக இருக்கும், பேச்சு குழறும், ஆளைத் தெரியாமல் குழம்புவார், வலிப்போ மயக்கமோ வரலாம். இது உயிருக்கு ஆபத்து. உடனே 999-ஐ அழையுங்கள். உதவி வரும்வரை:
• நிழலில் படுக்க வைத்து, மேலாடையைக் களையுங்கள்.
• உடல் முழுதும் தண்ணீர் ஊற்றி விடாமல் விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள்.
• மயங்கியோ குழம்பியோ இருப்பவருக்கு வாயில் எதையும் ஊற்றாதீர்கள். மயங்கி, மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் ஒரு பக்கமாகப் படுக்க வையுங்கள்.

8. சொல்லிவிடுங்கள்

நம் தலைமுறைக்கு ஒரு பழக்கம் உண்டு. உடம்பு சரியில்லை என்றால் வாய் திறக்க மாட்டோம். "பிள்ளைகள் சந்தோஷமாக இருக்கிறார்கள், கெடுப்பானேன்" என்று பல்லைக் கடித்துக்கொள்வோம். வெயிலில் அந்தப் பொறுமை ஆபத்தானது. வெப்பத் தாக்கு முற்றிவிட்டால் மூளை குழம்பிவிடும். அப்போது சொல்ல நினைத்தாலும் சொல்ல வராது. ஆகவே, முதல் தலைச்சுற்றலிலேயே, "எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது, கொஞ்சம் உட்கார வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள். பத்து நிமிட ஓய்வு யாருடைய நாளையும் கெடுக்காது.

உங்களைச் சோதித்துப் பாருங்கள்

1. தாகம் இல்லை என்றால் தண்ணீர் தேவையில்லை. சரியா, தவறா?
2. பயண நாளில் நீர் மாத்திரையை விட்டுவிடலாம். சரியா, தவறா?
3. குழறிப் பேசுபவருக்கு உடனே தண்ணீர் புகட்ட வேண்டும். சரியா, தவறா?
4. பாத உணர்ச்சி குறைந்தவர் மாலை நேர மணலில் வெறுங்காலில் நடக்கலாம். சரியா, தவறா?

விடை: நான்கும் தவறு. ஏன் என்று உங்கள் பேரப்பிள்ளைக்குச் சொல்லிக் காட்டுங்கள். சொல்ல முடிந்தால் பாடம் மனத்தில் பதிந்துவிட்டது என்று பொருள். தயங்கினால் அந்தப் பகுதியை இன்னொரு முறை படியுங்கள். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். போகும் பாதை நலமாக இருக்கட்டும்!