பாட்டைக் கைமாற்றும் பக்குவம்

பேரையூர்ப் பக்கம் பாட்டுக்குப் பஞ்சம் இருந்ததே இல்லை, பிள்ளைகளா. ஆனால் எதைக் கேட்பது என்பதை அப்போது நாங்கள் முடிவு செய்யவில்லை. இலங்கை வானொலி முடிவு செய்தது. அப்புறம் மலை மேலிருந்து கொடைக்கானல் பண்பலை முடிவு செய்தது. கல்யாணம், சடங்கு, மாரியம்மன் பொங்கல் என்றால், வேப்பமரத்தில் குழாய் கட்டிய ரேடியோ செட்காரர் முடிவு செய்தார். பிடிக்கிறதோ இல்லையோ, ஊரே ஒரே பாட்டைத்தான் கேட்டது.

இன்றைக்கு டி.கல்லுப்பட்டி பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பவர் என்ன கேட்கிறார் என்று தெரியாது. அவரவர் காது அவரவருக்கு. கையில் இருக்கும் போன் நேற்று நீங்கள் கேட்டதைப் பார்த்து, அதே சாயலில் இன்னொன்றை எடுத்து நீட்டும். நீங்களாகத் தேடிப் போகாத ஒன்றை எடுத்து நீட்ட ஒரு மனுஷர்தான் வேண்டும். "இந்த ஆல்பத்தைக் கேட்டுப் பார்" என்று ஒருவர் இன்னொருவரிடம் சொல்வது முன்னைவிட இப்போதுதான் அதிகம் தேவைப்படுகிறது. அதில் ஆசைப்பட்டு இறங்கியிருக்கிற பிள்ளைகளுக்கு இந்தப் பத்து யோசனையைச் சொல்லி வைக்கிறேன்.

1. முழுசாகக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

ஆல்பம் என்றால் வரிசை. போட்டவர் எதை முதலில் வைத்தார், எதைக் கடைசியில் வைத்தார் என்பதும் அவருடைய இசையில் சேர்த்திதான். இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' 1986-இல் வந்தது. தியாகராஜருக்கும் மேற்கத்திய இசைமேதை பாக்குக்கும் அவர் செய்த காணிக்கை அது. அதில் 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்று ஒன்று. அடுத்தது 'அண்ட் வி ஹேட் எ டாக்'. பாக்கை வீட்டில் சந்தித்தேன், பிறகு பேசிக்கொண்டிருந்தோம் என்று தலைப்பே தொடர்ந்து போகிறது. கலைத்துப் போட்டு ஓடவிட்டால் சந்திப்பதற்கு முன்னாலேயே பேச்சு முடிந்துவிடும்.

அவருடைய 'வேலியன்ட்' சிம்பொனி 2025 மார்ச் 8-இல் லண்டனில் அரங்கேறியது. அதற்கு மறுநாளே முப்பது விநாடித் துண்டைப் பார்த்துவிட்டு "சூப்பர்" என்றும் "சுமார்" என்றும் தீர்ப்புச் சொன்னவர்கள் எத்தனை பேர்! ரீல்ஸ் துண்டைக் கேட்டவர் ஆல்பத்தைப் பற்றிப் பேச வேண்டாம். வேலை செய்துகொண்டே ஒரு தடவை, வேலையை வைத்துவிட்டு ஒரு தடவை கேளுங்கள். அப்புறம் வாயைத் திறக்கலாம்.

2. ஆளைப் பார்த்துக் கொடுங்கள்.

இந்தப் பத்தில் ஒன்றைத்தான் ஞாபகம் வைத்திருப்பேன் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுக்க அப்போது ரெக்கார்டிங் சென்டர் என்று கடைகள் இருந்தன. கோடு போட்ட நோட்டில் கிழித்த தாளில் பாட்டுகளை எழுதிக்கொண்டு போவோம். நல்ல கடைக்காரர் தாளைப் பார்ப்பதற்கு முன்னாலேயே "எங்க போடப் போறீங்கண்ணே?" என்று கேட்பார். டீக்கடைக்கு என்றால் ஒரு வரிசை. லாரிக்கு என்றால், ராத்திரி ஓட்டத்தில் டிரைவர் கண் அசராமல் இருக்க இடையிடையே தாளம் தூக்கலான பாட்டு. சடங்கு வீட்டுக்கு என்று சொல்லி, பட்டியலில் அழுகைப் பாட்டு இருந்தால் பேனாவை எடுத்து ஒரு கோடு போட்டுவிடுவார். "மைக் செட்ல இது போட்டா பெரியவங்க வையுவாங்க, விடுங்க."

60 கேசட்டில் ஒரு பக்கத்துக்கு 30 நிமிஷம், 90 கேசட்டில் 45 நிமிஷம். பக்கம் முடிய ஒன்றரை நிமிஷம் மிச்சம் இருந்தால் அடுத்த பாட்டைத் தொடங்கிப் பாதியில் வெட்ட மாட்டார். வெறும் வாத்தியம் மட்டும் வருகிற துண்டு ஒன்றைப் போட்டு நிரப்புவார். எல்லாம் முடிந்ததும் கேசட்டின் முதுகில் இருக்கிற இரண்டு பிளாஸ்டிக் பல்லையும் ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி உடைத்துக் கொடுப்பார். யாரும் தெரியாமல் மேலே பதிந்து அழித்துவிடக் கூடாதே!

அவர் பார்த்தது பாட்டை மட்டும் இல்லை. யார் கேட்கப் போகிறார், எந்த நேரத்தில், எதில் கேட்கப் போகிறார் என்று பார்த்தார். நீங்களும் அப்படிப் பாருங்கள். நைட் ஷிப்ட் முடிந்து வருகிற அண்ணனுக்கு, காலை ஏழு மணிக்கு ராப் ஆல்பத்தை அனுப்பாதீர்கள். புல்லாங்குழல் பிடிக்கும் என்று சொல்கிற அத்தைக்கு 1988-இல் வந்த இளையராஜாவின் 'நத்திங் பட் விண்ட்' கொடுக்கலாம். ஹரிபிரசாத் சௌரசியா வாசித்தது. சினிமாப் பாட்டுத் தவிர வேறு கேட்டறியாதவரைக்கூட அது உள்ளே இழுத்துக்கொள்ளும்.

3. ஒன்று கொடுங்கள். ஒரு கூடை கொடுக்காதீர்கள்.

"கேட்டே ஆக வேண்டிய ஐம்பது ஆல்பம்" என்று ஒருவருக்கு அனுப்பினால் அவர் ஐம்பதையும் கேட்க மாட்டார். வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் தள்ளிவிட முடியாதபடி 2018-இல் இந்தியாவில் கட்டுப்பாடு போட்டார்கள். வதந்தியைத் தடுக்கப் போட்டது அது. பாட்டுக்கு ஐந்தே அதிகம் என்பேன். ஒரே ஆளை நினைத்து ஒரே ஆல்பம். அதைக் கேட்டு முடித்து அவராக "வேற என்ன இருக்கு?" என்று கேட்கிறவரை அடுத்ததை எடுக்காதீர்கள்.

4. வேலை செய்தவர்கள் பெயரைச் சொல்லுங்கள்.

இலங்கை வானொலி அறிவிப்பாளர்கள் படம், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று நிறுத்தி நிதானமாகச் சொல்லிவிட்டுத்தான் பாட்டை விடுவார்கள். பள்ளிக்கூடம் போகாதவர்கள்கூட பாடலாசிரியர் பெயரைச் சொன்னது அந்தப் பழக்கத்தால்தான். இப்போது திரையில் படமும் பெயரும் ஓடுகின்றன, யாரும் படிப்பதில்லை.

நம் மதுரைக் கதை ஒன்று சொல்கிறேன். 1968-இல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் சிவாஜி நாதஸ்வரம் வாசிக்கிற அழகை எல்லோரும் சொல்வார்கள். காதில் விழுகிற நாதஸ்வரம் மதுரை எம்.பி.என். சேதுராமன், எம்.பி.என். பொன்னுசாமி சகோதரர்களுடையது. கே.வி. மகாதேவன் இசை. அந்த இரண்டு பெயரையும் தெரிந்துகொண்டவர் அவர்களுடைய கச்சேரிப் பதிவைத் தேடிப் போவார். தெரியாதவர் அந்தப் படத்தோடு நின்றுவிடுவார். 'ஹவ் டு நேம் இட்' பற்றிப் பேசினால் வயலின் வாசித்த வி.எஸ். நரசிம்மன் பெயரை விட்டுவிடாதீர்கள். ஒரு பெயர் கிடைத்தால் அதைப் பிடித்துக்கொண்டு பத்து ஆல்பத்துக்குப் போகலாம்.

5. ஏன் பிடித்தது என்று ஒரு வரி சொல்லுங்கள்.

"செம", "வேற லெவல்", "கூஸ்பம்ப்ஸ்" என்பதெல்லாம் உங்களைப் பற்றிய செய்தி. ஆல்பத்தைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. எந்தப் பாட்டில், எந்த இடத்தில், என்ன நடந்தது என்று சொல்லிப் பழகுங்கள். "ரெண்டாவது சரணத்துக்கு முன்னாடி எல்லா வாத்தியமும் நின்னு, குரல் மட்டும் வருது பாரு" என்றால் போதும். கேட்கிறவர் அந்த இடத்துக்காகக் காத்திருப்பார். ராகம், தாளம், கார்டு எல்லாம் தெரிந்திருந்தால் நல்லது. தெரியாவிட்டால் தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ள வேண்டாம். காதில் விழுந்ததை விழுந்தபடி சொல்லுங்கள்.

6. புதுசுக்குக் காதை மூடாதீர்கள். பழசை வைத்துப் புதுசை அடிக்காதீர்கள்.

இது உங்களுக்குச் சொல்வதைவிட என் வயசுக்காரர்களுக்குச் சொல்வது. 1992-இல் ரகுமானின் 'ரோஜா' வந்தபோது "இதெல்லாம் கம்ப்யூட்டர் பாட்டு, நிக்காது" என்று டீக்கடைகளில் பேசினார்கள். நின்றதா இல்லையா? மலேசியாவிலிருந்து யோகி பி, நட்சத்ரா குழுவினர் 2006-இல் 'வல்லவன்' ஆல்பம் போட்டபோது தமிழில் ராப்பா என்று சிரித்தார்கள். இன்றைக்கு ராப் இல்லாத தமிழ்ப் படத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். சினிமாவுக்கு வெளியே வருவதையும் கேளுங்கள். ராப் பாடகர் அறிவும் இசையமைப்பாளர் ஆஃப்ரோவும் சேர்ந்து 2019-இல் போட்ட 'தெருக்குரல்' ஆல்பத்தை, வார்த்தை புரிகிறவரை திரும்பத் திரும்பக் கேளுங்கள். கோபத்தை இவ்வளவு ஒழுங்காகத் தாளத்தில் அடுக்க முடியுமா என்று ஆச்சரியமாக இருக்கும்.

7. வீட்டுப் பெரியவர்களிடம் வாங்கிக் கேளுங்கள்.

நம் கரிசல் காட்டில் நடவுக்கும் களைக்கும், தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் பாட்டு இருந்தது. அதெல்லாம் எந்தச் செயலியிலும் முழுசாகக் கிடைக்காது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன், கணவரோடு ஊர் ஊராகப் போய் நாட்டுப்புறப் பாட்டுகளைச் சேகரித்து மேடையேற்றினார். 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். மதுரைக்குப் பக்கத்தில் உள்ள பரவையிலிருந்து வந்த முனியம்மாவை 2003-இல் 'தூள்' படம் ஊரறியச் செய்தது. அதற்கு எவ்வளவோ முன்னாலிருந்தே அவர் மேடையில் பாடிக்கொண்டிருந்தவர். 2021-இல் உலகமே ஆடிய 'எஞ்சாயி எஞ்சாமி' பாட்டின் வேர், அந்த ராப் பாடகர் அறிவு தன் பாட்டியிடம் கேட்ட கதையில் இருக்கிறது.

உங்கள் அப்பத்தாவுக்கும் ஏதாவது தெரிந்திருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து, கேட்டு அனுமதி வாங்கி, போனில் பதிந்து வையுங்கள். பாடியவர் பெயர், ஊர், எந்த வேலைக்குப் பாடியது என்பதையும் அவர் வாயாலேயே சொல்லவைத்துச் சேர்த்துப் பதியுங்கள்.

8. கட்சி கட்டாதீர்கள்.

ராஜாவா ரகுமானா என்று அடித்துக்கொள்கிறவர்கள் இரண்டு பேரையும் ஒழுங்காகக் கேட்காதவர்கள். இளையராஜாவின் குழுவில் கீபோர்டு வாசித்தவர்தான் ரகுமான். அவர்களுக்குள் இல்லாத சண்டை நமக்கு எதற்கு? இன்னொருவரின் ரசனையைக் கேலி செய்தால் அவர் அடுத்த தடவை தனக்குப் பிடித்ததை உங்களிடம் காட்ட மாட்டார். அதில் நஷ்டம் உங்களுக்குத்தான்.

9. சத்தமாகப் போடுவது பகிர்வது ஆகாது.

பஸ்ஸில் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு "எல்லாரும் கேக்கட்டும்" என்கிறவரை யாரும் ரசிகர் என்று நினைப்பதில்லை. திறந்தவெளியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்பது வரம்பு. உங்கள் காதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரத்துக்குள் நிறுத்திக்கொள்ளச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். காது கெட்டால் அப்புறம் எந்த ஆல்பத்தை யாருக்குச் சொல்வது?

10. கடனைக் கட்டுங்கள்.

கடன் இரண்டு பேருக்கு. ஒருவர், பாட்டைப் போட்டவர். ரெக்கார்டிங் சென்டர் காலத்தில் நாங்கள் கொடுத்த காசு கடைக்காரரோடு நின்றுபோனது, பாடியவருக்குப் போகவில்லை. அந்தச் சாக்கு உங்களுக்குக் கிடையாது. பிடித்த ஆல்பத்தை முடிந்தால் விலை கொடுத்து வாங்குங்கள், மதுரையில் கச்சேரி என்றால் டிக்கெட் எடுத்துப் போங்கள். ஊர்த் திருவிழாவில் நாதஸ்வரமோ பறையோ நன்றாக இருந்தால், முடிந்ததும் பக்கத்தில் போய் அவர் பெயரைக் கேளுங்கள். நம் வீட்டு விசேஷத்துக்கு அவரையே கூப்பிடுங்கள்.

இன்னொருவர், ஆல்பத்தை உங்களுக்குச் சொன்னவர். கேட்டீர்களா, எது பிடித்தது, எது ஒட்டவில்லை என்று அவரிடம் போய்ச் சொல்லுங்கள். ஒரு நோட்டுப் போட்டு ஆல்பத்தின் பெயர், சொன்னவர் பெயர், கேட்ட தேதி, உங்களுக்குத் தோன்றிய ஒரு வரி என்று எழுதி வையுங்கள். "பிடிக்கலண்ணே, ஆனா நாலாவது பாட்டு பரவாயில்ல" என்பதும் நல்ல பதில்தான். பதிலே சொல்லாமல் இருப்பதுதான் மரியாதைக்கேடு.

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். இந்த வாரம் ஒரு ஆல்பத்தை முதலிலிருந்து கடைசி வரை கேளுங்கள். அது யாருக்குப் பிடிக்கும் என்று யோசித்து, அந்த ஒருவருக்கு மட்டும், போட்டவர்கள் பெயரோடு, ஏன் என்ற ஒரு வரியோடு சொல்லுங்கள். அப்படியே அவர் தனக்குப் பிடித்த ஒன்றைச் சொன்னால், "எனக்கு அது செட்டாகாது" என்று தட்டிவிடாமல் அதையும் முழுசாகக் கேளுங்கள்.