மூளைநீர் ஷன்ட் பொருத்தியோரின் அன்றாட வாழ்வு

மூளையில் தேங்கும் நீரை வயிற்றறைக்கு வடிப்பது ஷன்ட் குழாய். அதன் வால்வு நிலையான அழுத்தம் உடையதாயின் காந்தத்தால் பாதிப்பில்லை. அழுத்தத்தை வெளியிலிருந்து மாற்றக்கூடிய வால்வு சிலவற்றில் காந்தம் அந்த அளவை மாற்றிவிடக்கூடும். எனவே கைப்பேசி, ஹெட்போன், காந்தப் பொம்மை ஆகியவற்றை வால்விலிருந்து குறைந்தது 5 செ.மீ. தள்ளி வையுங்கள், எம்.ஆர்.ஐ. எடுத்தபின் அளவைச் சரிபாருங்கள். நெய்வேலிச் சுரங்கத்திலும் அனல்மின் நிலையத்திலும் வலிய காந்தங்களுக்கு அருகில் பணிபுரிவோர், பணிக்குத் திரும்புமுன் மருத்துவரிடம் கேட்டறிக.

காயம் ஆறியபின் குளியலுக்கும் பள்ளிக்கும் தடையில்லை. தலையில் அடிபடும் விளையாட்டுகளையும் கழுத்து பிடித்துவிடுதலையும் தவிர்க்கவும். மலச்சிக்கலும் வயிற்றழுத்தத்தை உயர்த்தி வடிதலைக் குறைக்கலாம்.

தொடர் தலைவலி, வாந்தி, மிகு உறக்கம், காய்ச்சல், குழந்தையின் உச்சிக்குழி புடைத்தல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் உடனே அவசரப் பிரிவுக்கு வாருங்கள். வால்வின் வகை குறித்த அட்டை எப்போதும் உடனிருக்கட்டும்.