விளம்பரச் சித்திரங்களின் வனப்பு

அருப்புக்கோட்டையில் எம் பாட்டியார் இல்லத்தில் ஒரு தகரப்பெட்டி உண்டு. அது அவருடைய அன்னையார், அஃதாவது எம் கொள்ளுப்பாட்டியார், வைத்திருந்தது. நெசவாளர் வீடுகளுக்குக் கூலிக்குத் தார் சுற்றிப் பிழைத்த அம்மையார், நூற்கட்டுகளின்மேல் ஒட்டியிருந்த வண்ணத் தாள்களைப் பதமாகப் பெயர்த்தெடுத்து, அப்பெட்டியின் மூடியின் உட்புறத்தே ஒட்டி வைத்திருக்கிறார். வில்லேந்திய இராமன், தோகை விரித்த மயில், அம்பாரி சுமந்த யானை எனப் பல. உள்ளேயிருந்த துணிகள் கந்தலாகிக் கழிந்தன. தாள்களின் நிறமோ இன்றும் முற்றும் மங்கிற்றில்லை. ஒரு விளம்பரத் துண்டைச் செல்வமெனப் போற்றும்படி அதன்கண் யாது உளது என்று ஆராயப் புகுந்ததே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி, மான்செஸ்டர் வணிகர் இந்நாட்டிற்கு அனுப்பிய துணிகளின்மீது இத்தகைய தாள்களை ஒட்டலாயினர். இவற்றிற்கு 'டிக்கட்' என்று பெயர். வெள்ளைத் துணி எல்லாம் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். நூலும் அத்தன்மையதே. 840 கெஜம் நீளமுள்ள சிட்டங்கள் நாற்பது சேர்ந்து ஒரு ராத்தல் நிறுக்குமாயின் அது நாற்பதாம் நம்பர் நூல். அறுபது சேர்ந்து நிறுக்குமாயின் அறுபதாம் நம்பர். பழகிய விரல் இவ்வேற்றுமையைத் தடவி அறியும். ஆனால் நூற்றது எவருடைய ஆலை என்பதை விரல் அறியாது. அதனை அறிவித்தது படமே. எழுத்தறியாதாரும் படத்தின் பெயரைச் சொல்லிச் சரக்கைக் கேட்டு வாங்கலாம். ஆகவே எங்கோ தொலைவிலுள்ள அச்சுக்கூடத்தில் நம் தெய்வங்கள் கல்லச்சில் எழுந்தருளின. வரைந்தவருட் பலர் இந்நாட்டைக் கண்ணாலும் கண்டிரார் என்றே கருதுகிறோம். எம் பெட்டியிலுள்ள மயிலின் கழுத்தைக் கண்டால் அவ்வையம் வலுப்படும்!

நிற்க. இக்கலை பெருந்தாளில் விரிந்ததே பயண விளம்பரம். 1920-களிலும் 1930-களிலும் இந்திய இருப்புப்பாதைகள் காசி, காசுமீரம், தாஜ்மகால் முதலிய இடங்களைத் தீட்டி அயல்நாட்டாரை அழைத்தன. அப்படங்களின் வனப்பு பெரும்பாலும் சிக்கனத்திற் பிறந்தது. கல்லச்சில் ஒவ்வொரு நிறத்திற்கும் தனித்தனிக் கல் வேண்டும். நிறங்கூடினால் செலவும் கூடும். ஆதலின் ஓவியன் ஐந்தாறு நிறங்களுக்குள் ஒரு நகரத்தையே அடக்கினான், நுணுக்கங்களை நீக்கினான், வானத்தை ஒரே நீலமாக வெறிதே விட்டான். நிலையத்திற் கடந்து செல்வோன் ஒரு நொடியிற் காணவேண்டுமாதலின் சொற்களும் சிலவே. இவ்வாறு விட்டொழித்தவற்றின் இடத்தைக் காண்போன் தன் ஆசையால் நிரப்பிக்கொள்கிறான். 1946-இல் ஏர் இந்தியாவின் பாபி கூக்காவும் ஓவியர் உமேஷ் ராவும் படைத்த மகாராஜா இம்மரபின் வேடிக்கையான பிள்ளை. பணிவிடை பெறவேண்டிய அரசனே மார்பிற் கைவைத்துக் குனிந்து பயணியை வரவேற்கிறான். இரண்டாண்டு கழித்து, 1948 ஜூன் 8-ஆம் நாள், அக்கம்பெனியின் 'மலபார் பிரின்சஸ்' விமானம் பம்பாயினின்று கெய்ரோ, ஜெனீவா வழியாக இலண்டனுக்குப் புறப்பட்டது.

அந்நாளில் அருப்புக்கோட்டைக்குப் புகைவண்டியும் இல்லை. 1960-களின் முற்பகுதியிலேதான் விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை, திருச்சுழி வழியாக மானாமதுரைக்கு இருப்புப்பாதை அமைந்தது. எனின், இவ்வறண்ட நாட்டார் பயணமே அறியாதிருந்தனரோ? அறிந்தனர்; ஆயின் எவ்விளம்பரமும் அவர்களை விருந்தினராக அழைக்கவில்லை. மழை பொய்த்துக் கண்மாய் வறண்ட ஆண்டுகளில் அழைக்க வந்தவன் கங்காணி. திருச்சுழியை அடுத்த சிற்றூரிற் பிறந்த எம் கொள்ளுப்பாட்டியாரின் தமக்கையார், கணவருடன் அவ்வாறே இலங்கைக்குச் சென்றார். மானாமதுரையிற் புகைவண்டியேறி மண்டபம் சேர்ந்து, அங்கே முகாமிற் சில நாள் தங்கிய பின்னரே கடல் கடந்தார் என்பர். நோய்த்தடுப்பின் பொருட்டு இலங்கை அரசு நடத்திய முகாம் அது. 1914-இல் பாம்பன் பாலம் திறந்தபின் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடிற்று. தென்னிந்திய இருப்புப்பாதைக் கம்பெனி படங்கள் நிறைந்த வழிகாட்டி நூலை வெளியிட்டு உல்லாசப் பயணியரை அழைத்ததும் இவ்வழிகளுக்கே. ஒரே பாலம், ஒரே கடல். ஒருவர்க்கு முகாம், ஒருவர்க்கு வழிகாட்டி நூல். 1939-இல் உடலுழைப்பாளர் இலங்கைக்குக் குடிபெயர்வதை இந்திய அரசு தடை செய்தது. சென்ற தமக்கையார் திரும்பவேயில்லை.

ஆடை விளம்பரத்தையும் ஒரு சொல் கூறுவோம். 1941-இல் நடிகை லீலா சிட்னிஸ் லக்ஸ் சவர்க்கார விளம்பரத்தில் தோன்றினார். இந்திய நடிகையருள் அவரே அதில் முதல்வர் என்பர். அதன்பின் திரைநடிகையர் உடுத்த சேலை பத்திரிகை வழியே சிற்றூர்களுக்கும் எட்டிற்று. அருப்புக்கோட்டைத் தெருவில் விடியுமுன் பாவு நீட்டிக் கஞ்சியிடுவோரும், குழித்தறியிற் கால்புதைத்து நாடாவை எறிவோரும் எவ்விளம்பரத்திலும் இடம்பெற்றிலர். சேலையின் மடிப்பு மட்டும் தெளிவாகத் தெரியும். இதனைக் குற்றமென்று கூறத் துணிவதா என்பதில் எமக்கு ஐயமுண்டு. வியர்வையை வரைந்தால் சேலை விலைபோகுமோ? ஆயினும் நெசவூரிற் பிறந்த எம் கண் அம்மடிப்பில் நிலைத்து நில்லாது, தறியைத் தேடிச் செல்கிறது.

தேயிலை விளம்பரங்களோ உழைப்பவரையே முன்னிறுத்தின. 1926 முதல் 1933 வரை இலண்டனில் இயங்கிய பேரரசு வாணிக வாரியம் தேயிலை கிள்ளும் பெண்டிரைச் சுவரொட்டிகளில் தீட்டிற்று. பொட்டலத் தாள்களிலும் அவர்களே. பச்சை மலைச்சரிவு, முதுகிற் கூடை, சிவந்த சேலை, இளநகை. முகம் இருந்தது, பெயர் இல்லை. கொழுந்து நிறுக்கையிற் பிடித்த கழிவும், லயத்து இருளும் அப்பச்சையில் இல்லை. இது பொய்யெனக் கடிந்து கட்டுரையை முடிக்கவே முதலில் எண்ணியிருந்தோம்.

சென்ற விடுமுறையில் அத்தகரப்பெட்டியை மீண்டும் திறந்து பார்த்தோம். மயிலுக்கும் யானைக்கும் இடையே, நூற்கட்டுக்கு உரியதல்லாத ஒரு தாள் இருந்தது. இலங்கைத் தேயிலைப் பொட்டலத்தினின்று வெட்டிய படம். கூடை சுமந்த பெண்ணொருத்தி. யாரிவள் என்று பாட்டியாரைக் கேட்டோம். அவர் சிறுமியாயிருந்தபோது, "பெரியம்மா எப்படியம்மா இருப்பாள்?" என்று கேட்குந்தோறும் அன்னையார் பெட்டியைத் திறந்து இப்படத்தையே காட்டுவாராம், வேறு படம் வீட்டில் இல்லையாம். அப்பெண்ணின் முகத்திலே மட்டும் நிறம் சற்றுத் தேய்ந்திருக்கிறது.